வெளியேறுவதா, உள்ளே போவதா, காத்திருப்பதா? மனச்சாட்சிக்கும் வாக்குக்கும் நடுவே மலையகத்தின் தெரிவு

தேர்தல் காலத்தில் இலங்கை மலையகத்தின் தேயிலைத் தோட்டத்துக்கு வேட்பாளர் வந்தால் நாம் கேட்பவை ஏறக்குறைய எல்லா டிவிஷனிலும் ஒன்றுதான். லயம் என்ற வரிசை வீட்டுக்குக் கூரைத் தகரம், காலையில் வேலைக்குப் பேர் பதியும் பெரட்டுக்களத்திலிருந்து பிரதான வீதி வரை கொங்கிரீட் பாதை, குடிதண்ணீர்க் குழாய், கோயில் திருப்பணிக்கு ஒரு தொகை. இவற்றைக் கேட்பதில் தவறே இல்லை. மழைக்கு ஒழுகும் காம்பராவில் பிள்ளையைப் படிக்க வைக்கிறவர்களுக்குத் தகரம்தான் முதல் அரசியல். ஆனால் ஒரு கேள்வியை மட்டும் எந்தக் கூட்டத்திலும் யாரும் எழுந்து கேட்டு நான் பார்த்ததில்லை: "உங்கள் மனச்சாட்சி ஒன்றைச் சரி என்கிறது. உங்களுக்கு வாக்குப் போட்டவர்கள் அதை வேண்டாம் என்கிறார்கள். அன்றைக்குப் பாராளுமன்றத்தில் உங்கள் கை எந்தப் பக்கம் உயரும்?"

இதைக் கேட்க, தோட்ட வேலைக்கு இந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்டவர்களின் வழிவந்த மலையகத் தமிழரை விட உரிமை உள்ளவர்கள் இந்த நாட்டில் குறைவு. 1947 தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் மலையகத்தில் 7 ஆசனங்களை வென்றது. அடுத்த ஆண்டே 1948இன் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. தானும் இங்கே பிறந்து, தகப்பனும் இங்கே பிறந்ததற்குச் சான்று காட்டு என்றது அந்தச் சட்டம். தகப்பனின் பிறப்புப் பதிவு எத்தனை லயத்தில் இருந்திருக்கும்? 1949இல் தேர்தல் சட்டத் திருத்தம் வாக்கையும் பறித்தது. 1947இல் அந்தக் காங்கிரஸின் சார்பில் நுவரெலியாவில் வென்ற சௌமியமூர்த்தி தொண்டமான் மறுபடி மக்கள் வாக்கால் பாராளுமன்றம் போனது 1977இல்தான். நடுவில் இருந்த அவ்வளவு காலமும் நம் தலைவிதியை வேறு யாரோ கை தூக்கித் தீர்மானித்தார்கள். அந்தக் கைகளில் சில மனச்சாட்சிப்படி உயர்ந்தன, பல கணக்குப் பார்த்து உயர்ந்தன.

மாகாண சபைத் தேர்தல் என்றோ ஒருநாள் வரத்தான் போகிறது. மத்திய மாகாண சபையின் காலம் 2018இல் முடிந்தது, அதற்குப் பிறகு தேர்தலே நடக்கவில்லை. அது வரும்போதும் அதற்குப் பின் வரும் பொதுத் தேர்தலிலும் எப்படிப்பட்டவரை நாம் அனுப்ப வேண்டும்? இன நீதிக் கேள்வி ஒன்று எழுந்து, மனச்சாட்சியும் பொதுசன அபிப்பிராயமும் எதிரெதிரே நிற்கும்போது தலைவர்கள் இதுவரை நடந்த வழிகள் பெரும்பாலும் மூன்றுதான். ஒத்துப்போக முடியாது என்று வெளியேறுவது ஒன்று. உள்ளே போய்ப் பேரம் பேசி வாங்குவது இன்னொன்று. காலம் கனியட்டும் என்று காத்திருப்பது மூன்றாவது. மூன்றையும் நம் சொந்த அனுபவத்தில் வைத்துப் பார்க்கலாம்.

வெளியேறியவர்கள்

1948இல் ஒரே கட்சிக்குள், ஒரே கேள்வியில், இரண்டு பேர் இரண்டு வழியில் போனார்கள். தமிழ்க் காங்கிரஸின் தலைவர் ஜி.ஜி. பொன்னம்பலம் பிரஜாவுரிமைச் சட்டத்தை எதிர்த்தவர். சில வாரங்களிலேயே பிரதமர் டி.எஸ். சேனாநாயக்கவின் அமைச்சரவையில் சேர்ந்தார். அந்த ஆண்டின் கடைசியில் இந்திய, பாகிஸ்தானிய வதிவாளர் பிரஜாவுரிமை மசோதா வந்தபோது அரசோடு நின்றார். அவருடைய வாதம் இன்றும் நமக்குப் பழக்கமானது: உள்ளே இருந்தால் எதையாவது காப்பாற்றலாம், வெளியே நின்றால் எதுவும் கிடைக்காது. எஸ்.ஜே.வி. செல்வநாயகம் அதை ஏற்கவில்லை. பிரிந்து போய் 1949 டிசம்பர் 18இல் இலங்கைத் தமிழரசுக் கட்சியைத் தொடங்கினார். அமைச்சராக இருந்த சி. சுந்தரலிங்கமும் அந்த மசோதாவோடு ஒத்துப்போக முடியாமல் பதவியை விட்டார்.

செல்வநாயகத்தின் வாக்காளர் வடக்கே காங்கேசன்துறையில் இருந்தவர்கள். ஹட்டனிலும் பதுளையிலும் கொழுந்து பறிக்கிறவர்களின் பிரஜாவுரிமை போனதால் அவர்களில் ஒருவருக்கும் ஒரு நெல்மணி குறையவில்லை. ஆனாலும் அவர் அதற்காகக் கட்சியைப் பிளந்தார். 1952 தேர்தலில் அந்தத் தொகுதியிலேயே ஐக்கிய தேசியக் கட்சி வேட்பாளரிடம் தோற்றார். அந்தத் தோல்விக்கு வேறு காரணங்களும் இருந்திருக்கும். ஆனால் தம் ஊருக்கு நேரடி லாபம் எதுவும் இல்லாத நியாயம் ஒன்றை முன்னே வைத்து அவர் வாக்குக் கேட்டார், அது போதவில்லை.

அவர் வெளியேறியதால் மலையகத்தில் ஒருவருக்காவது பிரஜாவுரிமை திரும்பியதா? உடனே இல்லை. இந்த வழியின் பெரிய குறை அதுதான், அதை மறைக்கத் தேவையில்லை. ஆனால் 1956இல் அவர் வென்று திரும்பினார். 1957 ஜூலை 26இல் பண்டாரநாயக்கவோடு ஒப்பந்தம் செய்தபோது, வடக்கு கிழக்கின் பிரதேச சபைகளைப் பற்றிப் பேசும் அந்த ஆவணத்திலேயே இந்திய வம்சாவளி மக்களின் பிரஜாவுரிமையும் இடம்பிடித்தது. அதை விரைவில் கவனிப்பதாகப் பிரதமர் உறுதி சொன்னார். 1948இல் உள்ளே போனவரால் அந்த ஒரு வரியைக் கூட வாங்க முடியவில்லை. தீர்ந்துபோன விஷயம் என்று எல்லாரும் மூடிவைத்த கோப்பை, தோற்ற மனிதர் ஒருவர் ஒன்பது ஆண்டுகள் திறந்தே வைத்திருந்தார்.

வெளியே நின்ற இன்னொரு கூட்டத்தைப் பற்றியும் பேசியாக வேண்டும், அது வேதனையான கதை. 1948இல் நம் பிரஜாவுரிமைக்காக வாக்களித்தவர்களில் சிங்களத் தலைவர்களும் இருந்தார்கள். லங்கா சமசமாஜக் கட்சி, போல்ஷெவிக் லெனினிஸ்ட் கட்சி, கம்யூனிஸ்ட் கட்சி ஆகிய மூன்றுமே எதிர்த்தன. 1940 ஜனவரியில் முல்லோயா தோட்டத்தில் கோவிந்தன் பொலிஸ் சூட்டில் விழுந்த போராட்டத்திலிருந்தே இடதுசாரிகள் தோட்டங்களோடு நின்றவர்கள். 1956இல் தனிச் சிங்களச் சட்டத்தையும் சமசமாஜக் கட்சி எதிர்த்தது. ஒரு மொழி என்றால் இரு நாடு, இரு மொழி என்றால் ஒரு நாடு என்று கொல்வின் ஆர். டி சில்வா அன்று எச்சரித்ததை இன்றும் மேடைகளில் கேட்கிறோம். அதே கட்சி 1964இல் ஸ்ரீமாவோவின் அரசில் சேர்ந்தது. 1966 ஜனவரியில் தமிழ் மொழி விதிகளுக்கு எதிரான ஊர்வலத்தில் கலந்துகொண்டது. 1972 அரசியலமைப்பைத் தயாரித்த அமைச்சர் அதே கொல்வின். சிங்களம் மட்டுமே அரச கரும மொழி என்பது அந்த அரசியலமைப்பில் ஏறியது.

இதைத் துரோகம் என்ற ஒரே சொல்லில் முடித்துவிடுகிறவர்கள் உண்டு. நான் அப்படிப் பார்க்கவில்லை. பதினைந்து, பதினாறு ஆண்டுகள் சரியான பக்கம் வாக்களித்தும், தேர்தலுக்குத் தேர்தல் ஆட்சியைப் பிடிக்க முடியாமலே போனவர்கள் அவர்கள். பாராளுமன்றத்தில் மனச்சாட்சிப்படி பேசினார்கள். ஆனால் அவிசாவளையிலும் ருவன்வெல்லவிலும் தங்களுக்கு வாக்களித்த சிங்கள விவசாயியின் மனத்தில் அந்த நியாயம் வேரூன்றவில்லை. வேர் பிடிக்காத மனச்சாட்சி, பதவி ஆசை வந்த அன்று தளர்ந்துவிட்டது. வெளியேறுகிறவர் தம் சொந்த மக்களிடம் போய் அதே நியாயத்தைப் பேசவில்லை என்றால் அந்த வெளியேற்றத்துக்கு ஆயுள் குறைவு.

உள்ளே போனவர்கள்

நம் வீடுகளில் அதிகம் பேசப்படுவது இந்த வழிதான், ஏனென்றால் நாம் பெற்றவற்றில் பெரும்பகுதி இந்த வழியில் வந்தவை.

அதற்கு முன் வெளியே நின்று நாம் பட்டதைச் சொல்ல வேண்டும். 1949இல் நடைமுறைக்கு வந்த அந்த இந்திய, பாகிஸ்தானிய வதிவாளர் சட்டத்தின் கீழ், பிரஜையாகப் பதிய விண்ணப்பிப்பதில்லை என்று இலங்கை இந்தியக் காங்கிரஸ் முதலில் புறக்கணித்தது. பிறகு முடிவை மாற்றி, 1951 ஆகஸ்ட் காலக்கெடுவுக்குள் அவசர அவசரமாகப் படிவம் நிரப்ப வைத்தது. எட்டு லட்சத்துக்கும் அதிகமானோருக்காக விண்ணப்பங்கள் போயின. கடைசியில் பிரஜாவுரிமை கிடைத்தது சுமார் 134,000 பேருக்கு. 1952இல் கொழும்பில் மாதக்கணக்கில் சத்தியாக்கிரகம் நடந்தது, அரசு அசையவில்லை. வாக்கு இல்லாத மக்களின் பட்டினியை எந்தப் பிரதமர் கணக்கில் எடுப்பார்? 1964 அக்டோபர் 30இல் பிரதமர் ஸ்ரீமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் 975,000 பேரைப் பங்கு பிரித்தார்கள்: 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 150,000 பேரைப் பிறகு பார்க்கலாம் என்று. 1974இல் அந்த மிச்சத்தையும் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். பிரிக்கப்பட்டவர்களிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அண்ணன் ஒரு பட்டியலிலும் தம்பி இன்னொரு பட்டியலிலும் விழுந்த குடும்பங்கள் எத்தனையோ.

1977இல் நுவரெலியா மஸ்கெலியா தொகுதியில் தொண்டமான் வென்றார். 1978இல் ஜே.ஆர். ஜயவர்தனவின் அமைச்சரவையில் சேர்ந்தார். வந்த பலன்களை வரிசையாகப் பாருங்கள். 1978 அரசியலமைப்பு பதிவுப் பிரஜைக்கும் பரம்பரைப் பிரஜைக்கும் இருந்த வேறுபாட்டை நீக்கியது. 1984 வேலைநிறுத்தத்துக்குப் பிறகு ஆணுக்கும் பெண்ணுக்கும் சம நாட்சம்பளம் வந்தது. 1986 ஜனவரியில் தைப்பொங்கலை ஒட்டித் தோட்டம் தோட்டமாகப் பிரார்த்தனை இயக்கம் தொடங்கியது. மலைக்குப் போக வேண்டியவர்கள் கோயில் முன்னே அமர்ந்தார்கள். கூடையும் இடுப்பில் கட்டும் படங்கும் ஓரமாக இருந்தன, தொழிற்சாலைக்குக் கொழுந்து வரவில்லை. அதை வேலைநிறுத்தம் என்று சொல்லித் தடியடி நடத்த முடியாது, சாமி கும்பிடுகிறவர்களை எந்தத் தோட்டத் துரையும் பேர் வெட்டுவேன், அன்றைய சம்பளம் இல்லை என்று மிரட்டவும் துணியமாட்டார். சில வாரங்களில் நாடற்றோருக்குப் பிரஜாவுரிமை வழங்கும் சட்டம் நிறைவேறி, மீதமிருந்த 94,000 பேருக்கு வழி திறந்தது. 1988இலும் 2003இலும் வந்த சட்டங்கள் எஞ்சியதை முடித்தன.

அமைச்சரவைக்குள் ஒரு காலும் கோயில் முற்றத்தில் ஒரு காலும் என்று நின்றதால்தான் இது நடந்தது. உள்ளே மட்டும் இருந்திருந்தால் பொன்னம்பலத்தின் கதை. வெளியே மட்டும் இருந்திருந்தால் 1952இன் கதை. அமெரிக்காவிலும் இதே பொறியமைப்பைக் காணலாம். 1964இல் சிவில் உரிமைச் சட்டத்தில் கையெழுத்திட்ட ஜனாதிபதி லிண்டன் ஜோன்சன், அடுத்ததாக வாக்குரிமைச் சட்டத்துக்கு உடனே அவசரப்பட விரும்பவில்லை. 1965 மார்ச் 7இல் அலபாமாவின் செல்மா பாலத்தில் கறுப்பின மக்கள் பொலிஸாரால் அடிபட்டதை நாடே தொலைக்காட்சியில் பார்த்தது. மார்ச் 15இல் அவர் காங்கிரஸின் முன் நின்று அந்தச் சட்டத்தைக் கேட்டார், ஆகஸ்ட் 6இல் கையெழுத்திட்டார். உள்ளே இருந்த மனிதரின் மனச்சாட்சி பொய்யென்று சொல்லமாட்டேன். ஆனால் அது எழுந்து நடக்க வெளியே இருந்த மக்களின் கால்கள் தேவைப்பட்டன.

உள்ளே போவதற்கும் விலை உண்டு, அதையும் முழுதாகச் சொல்ல வேண்டும். தொண்டமான் அமைச்சராக இருந்த அரசின் கீழ்தான் 1979இல் பயங்கரவாதத் தடைச் சட்டம் வந்தது. 1981இலும் 1983 ஜூலையிலும் தமிழர்கள் தாக்கப்பட்டது அந்த அரசின் கீழ்தான், மலையக நகரங்களும் எரிந்தன. 1977 கலவரத்துக்குப் பிறகே வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் போய்க் காடு வெட்டிக் குடியேறிய நம் ஆட்கள், அதன் பிறகு நடந்த யுத்தத்தில் பட்ட பாடு சொல்லி முடியாது. அவர் அமைச்சரவையில் இருந்தே பேசினார், கண்டித்தார், ஆனால் வெளியேறவில்லை. வெளியேறியிருந்தால் 1986 வந்திருக்குமா என்று கேட்பவர்களுக்கு என்னிடம் எளிதான பதில் கிடையாது. ஆனால் வன்னியில் பிள்ளையைப் பறிகொடுத்த தாயிடம் போய், 94,000 பேருக்குப் பிரஜாவுரிமை கிடைத்ததே என்று சொல்ல எனக்கு வாய் வராது.

இந்த வழியில் கிடைத்த இன்னொரு பலன் அதிகம் பேசப்படுவதில்லை. பிரதேச சபைக்கு நாம் வாக்குப் போட்டோம், ஆனால் அந்தச் சபையின் பணத்தில் தோட்டத்துக்குள் ஒரு பாதையைக் கூடத் திருத்த முடியாது என்ற நிலை பல காலம் இருந்தது. தோட்டம் கம்பனியின் நிலம் என்பது காரணம். 2018இல் பிரதேச சபைகள் சட்டம் திருத்தப்பட்டு அந்தத் தடை நீங்கியது. அரசுக்குள் இருந்த மலையகப் பிரதிநிதிகள் பேசி வாங்கியது அது. எந்த நகரத்திலும் எதிர்ப்பு ஊர்வலம் போகவில்லை. பெரும்பான்மை மக்கள் பொறுக்கமாட்டார்கள் என்று இத்தனை காலம் சொன்னவர்கள் எதை வைத்துச் சொன்னார்கள்?

காத்திருந்தவர்கள்

பண்டாரநாயக்க 1957இல் செய்த ஒப்பந்தத்தின் நியாயம் அவருக்குத் தெரிந்தே இருந்தது. 1920களிலேயே சமஷ்டியைப் பற்றிப் பேசியவர் அவர். அக்டோபரில் ஜே.ஆர். அதை எதிர்த்துக் கண்டிக்கு யாத்திரை புறப்பட்டார். இம்புல்கொடையில் அந்த ஊர்வலம் மறிக்கப்பட்டுத் திரும்பியது. அன்றைக்கே பிரதமர் ஊர் ஊராகப் போய் ஒப்பந்தத்தில் என்ன இருக்கிறது, என்ன இல்லை என்று சிங்கள மக்களிடம் விளக்கியிருக்கலாம். அவருக்கு வாய்த்த நாவன்மை அந்தக் காலத்தில் எத்தனை பேருக்கு இருந்தது? ஆனால் அவர் பொறுத்துப் பார்த்தார். 1958 ஏப்ரல் 9இல் ரோஸ்மீட் பிளேஸில் அவர் வீட்டு முன்னே பிக்குமார் வந்து அமர்ந்தார்கள். அன்று மாலைக்குள் ஒப்பந்தம் கிழிந்தது. மறு மாதம் நாடு பற்றி எரிந்தது.

பிரதமர் டட்லி சேனாநாயக்க 1965 மார்ச்சில் செல்வநாயகத்தோடு செய்த ஒப்பந்தத்தின் கதையும் இதே. அது மக்கள் முன் வைக்கப்படவே இல்லை. 1968இல் மாவட்ட சபைகளுக்கான வெள்ளை அறிக்கை வந்து, எதிர்ப்புக் கிளம்பியதும் கைவிடப்பட்டது.

பொதுசன அபிப்பிராயம் என்று நாம் அஞ்சுவதன் உள்ளே பெரும்பாலும் யார் இருக்கிறார்கள் என்பதை இந்த இரண்டு சம்பவங்களும் காட்டுகின்றன. 1958இல் வாக்கெடுப்பு எதுவும் நடக்கவில்லை. ஒரு வீட்டு வாசலில் சில நூறு பேரும், எதிர்க்கட்சியில் ஆட்சிக்கு வரத் துடித்த சிலரும் இருந்தார்கள். கண்டி யாத்திரை போன அதே ஜே.ஆர்.தான் முப்பது ஆண்டுகளுக்குப் பின் மாகாண சபைகளைக் கொண்டுவந்தார், 1986, 1988 பிரஜாவுரிமைச் சட்டங்களும் அவருடைய ஆட்சியில்தான் நிறைவேறின. 2003இல் நாடற்ற நிலையை முடிக்கும் சட்டம் எதிர்ப்பே இல்லாமல் நிறைவேறியது. 1948இல் நாட்டையே விழுங்கிவிடும் என்று பயமுறுத்தப்பட்ட விஷயம் 55 ஆண்டுகள் கழித்து ஒரு சாதாரண நாள் வேலையாக முடிந்தது. மக்கள் மனம் மாறியது என்று சொல்வதை விட, பயத்தை மூட்டினால் கிடைக்கும் லாபம் அற்றுப்போனது என்று சொல்வதே பொருத்தம்.

காத்திருப்பதையே குற்றம் என்று நான் சொல்லவில்லை. ஆபிரகாம் லிங்கன் அடிமைகளை விடுவிக்கும் பிரகடனத்தின் வரைவை 1862 ஜூலை 22இல் அமைச்சரவையில் வாசித்தார். போர்க்களத்தில் ஒரு வெற்றி வரட்டும், இல்லையென்றால் இயலாமையில் செய்ததாகத் தோன்றும் என்று அமைச்சர் சீவார்ட் சொன்னதை ஏற்றுப் பொறுத்தார். செப்டம்பர் 17இல் ஆன்டீட்டம் போர் அந்த வெற்றியைத் தந்தது. 22இல் முன்னறிவிப்பு வந்தது, 1863 ஜனவரி முதலாம் திகதி அமுலாகும் என்ற தேதியோடு. இடையில் நடந்த தேர்தலில் அவருடைய கட்சி பல ஆசனங்களை இழந்தது. ஆனாலும் சொன்ன தேதியில் கையெழுத்திட்டார். அவரிடம் எழுதி முடித்த காகிதம் இருந்தது, நாள் இருந்தது. தோற்றாலும் பின்வாங்காத உறுதியும் இருந்தது. நம் நாட்டில் காத்திருந்தவர்களிடம் இவற்றில் எதைக் கண்டோம்?

தம் மக்களிடமே போய்க் கசப்பானதைப் பேசிய சிங்களத் தலைவர்கள் இல்லாமல் போகவில்லை. விஜய குமாரதுங்க யுத்த காலத்தில் யாழ்ப்பாணம் போனார், இந்திய இலங்கை ஒப்பந்தத்தை வெளிப்படையாக ஆதரித்தார், 1988 பெப்ரவரி 16இல் தம் வீட்டு வாசலில் சுடப்பட்டார். மங்கள சமரவீர 2019இல் தம் சொந்த மாத்தறையில் நின்று, இந்த நாடு இங்கே வாழும் எல்லாருக்கும் உரியது என்றார். பிக்குமாரின் எதிர்ப்பைச் சந்தித்தார், அடுத்த ஆண்டுத் தேர்தலிலிருந்து விலகிக்கொண்டார். இப்படிப்பட்டவர்களுக்கு நாம் வாக்குப் போட முடியாத தொகுதிகளில் அவர்கள் நின்றார்கள். ஆனால் ஜனாதிபதித் தேர்தலில் நம் வாக்கு நாடு முழுவதற்கும் சேர்த்து எண்ணப்படுகிறது. அந்த மேடைகளில் நம் தலைவர்கள் யாரோடு நிற்கிறார்கள் என்பதை நாம் கேட்கலாம்.

அப்படியானால் எதைத் தெரிவு செய்வது?

என் பதில், கேள்வி எப்படிப்பட்டது என்பதைப் பொறுத்தது. யாரிடமிருந்தாவது இருக்கும் உரிமையைப் பறிக்கும் சட்டம் வருகிறதென்றால் பேரத்துக்கு இடமே இல்லை. எதிர்த்து வாக்களிக்க வேண்டும், அமைச்சுப் பதவி இருந்தால் அதை விட்டுவிட்டு வெளியே வர வேண்டும். 1948இல் ஒரு மாலைப் பொழுதில் போனது 2003இல்தான் முழுதாகத் திரும்பியது. உள்ளே இருந்து கொஞ்சம் கொஞ்சமாகச் சரிசெய்யலாம் என்பவர்கள், இடையில் கப்பலேறிப் போனவர்களையும், அடையாள அட்டை எடுக்கப் போகும் ஒவ்வொரு முறையும் பிரஜாவுரிமைச் சான்றிதழைப் பிளாஸ்டிக் உறையில் சுற்றிக் கொண்டுபோன பெரியவர்களையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

இன்னும் கிடைக்காத ஒன்றைப் பெறுவது என்றால் வேறு கணக்கு. வீட்டு நிலத்துக்கு உறுதி, கிராம சேவகர் பிரிவு, தோட்டப் பாடசாலைக்கு ஆசிரியர் போன்றவற்றுக்கு உள்ளே போகத்தான் வேண்டும். வெளியே நின்று முழங்கினால் கைதட்டல் கிடைக்கும், உறுதிப் பத்திரம் கிடைக்காது. ஆனால் போகிறவர் எதை வாங்கப் போகிறார், எந்தத் தேதிக்குள், கிடைக்காவிட்டால் என்ன செய்வார் என்பதைப் போகும் முன்பே தொழிற்சங்கக் கூட்டத்தில் எழுதிவைத்துச் சொல்ல வேண்டும். மாதாமாதம் சம்பளத்தில் சந்தா பிடிக்கப்படுகிற ஒவ்வொரு தொழிலாளிக்கும் அந்தக் காகிதத்தைக் கேட்கும் உரிமை உண்டு. கூடவே, 1986இல் கோயில் முன் உட்கார்ந்தது போல மக்களை அழைத்துத் திரட்டும் வலு அவருக்கு இருக்க வேண்டும். அது இல்லாமல் உள்ளே போகிறவருக்கு வாகனம் கிடைக்கும், கதிரை கிடைக்கும்.

வெறுமனே காத்திருப்பதை நான் ஒருபோதும் தெரிவு செய்யமாட்டேன்.

இந்த வரிசையில் ஒரு சோதனையை முக்கியமாகச் சேர்க்கிறேன். நமக்கு எந்த லாபமும் இல்லாத அநீதி ஒன்றில் நம் பிரதிநிதி என்ன செய்தார்? 2018 மார்ச்சில் கண்டி மாவட்டத்தில் திகனையிலும் தெல்தெனியவிலும் முஸ்லிம் கடைகளும் வீடுகளும் எரிந்தன. 2020 முதல் 2021 பெப்ரவரி வரை கொவிட் தொற்றில் இறந்த முஸ்லிம்களின் உடல்கள், பிறந்த குழந்தையின் உடல் உட்பட, குடும்பத்தின் விருப்பத்துக்கு எதிராக எரிக்கப்பட்டன. கொப்பி வாங்குவதும் மாதக் கடைசியில் கடன் சொல்வதும் நகரத்து முஸ்லிம் கடைகளில்தான் என்பது தோட்டத்து வீடுகள் எல்லாவற்றுக்கும் தெரியும். அன்றைக்கு நம் தலைவர்கள் எத்தனை பேர், யாரும் கேட்காமலே, தம் சொந்த மேடையில் அதை அநீதி என்று சொன்னார்கள்? காங்கேசன்துறைக்காரர் ஒருவர் நமக்காகச் செய்ததை நாம் இன்னொருவருக்குச் செய்யும் இடம் அது.

நம் தலைவர்களும் பக்கத்துச் சிங்களக் கிராமத்துக்குள் போய்ப் பேசியதில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். விருப்பு வாக்கு முறை அதற்கு வசதி செய்து கொடுத்துவிட்டது. மாவட்டம் முழுவதும் இருக்கும் தம் இனத்து வாக்கை மட்டும் திரட்டினால் போதும், மற்றவரிடம் பேசாமலே வென்றுவிடலாம். வலப்பனையிலும் ஹங்குரன்கெத்தையிலும் இருக்கும் சிங்கள விவசாயிக்கும் ஒரு பழைய வலி இருக்கிறது. 1840இன் முடிக்குரிய காணிச் சட்டம் கிராமத்துக் காட்டையும் மேய்ச்சல் நிலத்தையும் அரசுடைமை என்றது, அந்த நிலங்களில்தான் கோப்பியும் பிறகு தேயிலையும் எழுந்தன. நிலம் இழந்தவர் ஒரு பக்கம், அந்த நிலத்தில் அடிமைபோல் உழைக்கக் கொண்டுவரப்பட்டவர் மறுபக்கம். இருவரையும் நூறாண்டுகளுக்கு மேல் எதிரெதிரே நிறுத்தி வைத்தார்கள். இன்றைக்கு அதே கிராமத்துப் பெண்கள் பறித்த நிறைக்குக் கிடைக்கும் கைக்காசுக்கு நம்மோடு கொழுந்து பறிக்க வருகிறார்கள், ஒரே தராசில் நிறுத்து, ஒரே இறாத்தல் கழிவுக்கு ஒன்றாகக் கோபப்படுகிறார்கள். தோட்டத்துக்குக் காணி உறுதி கேட்கும் தலைவர் அந்தக் கிராமத்துக்கும் காணி கேட்டுப் பேசுவாரானால், பொதுசன அபிப்பிராயம் என்ற பூச்சாண்டிக்குப் பயப்பட வேண்டிய அவசியம் பாதியாகக் குறையும்.

அடுத்த தேர்தலில் வேட்பாளர் வரும்போது தகரத்தையும் தண்ணீரையும் கேளுங்கள். இளைஞர் மன்றமோ மாதர் சங்கமோ சேர்ந்து மேலே சொன்ன கேள்விகளையும் ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். எந்தச் சட்டத்துக்கு எதிராகப் பதவியை விடுவீர்கள்? எதை, எந்தத் தேதிக்குள் வாங்கித் தருவீர்கள்? பயங்கரவாதத் தடைச் சட்டத்தை நீக்க வாக்களிப்பீர்களா? முஸ்லிம் ஊர் ஒன்று தாக்கப்பட்டால் அன்றிரவே எங்கே நிற்பீர்கள்? அதே தாளைச் சிங்களத்தில் எழுதி, நம் மாவட்டத்தில் போட்டியிடும் சிங்கள வேட்பாளர்களிடமும் கொடுங்கள். கொட்டகலையில் தமிழில் சொன்ன பதிலும் ராகலையில் சிங்களத்தில் சொன்ன பதிலும் ஒன்றுதானா என்று வாக்குப் போடும் முன் ஒப்பிட்டுப் பாருங்கள்.